இடது கை சொல்வதை எந்தக் கீபோர்டு சரியாகக் கேட்கிறது?

"600 டோன் இருக்கிற கீபோர்டை வாங்கலாமா, 800 டோன் இருக்கிறதை வாங்கலாமா?" என்று யாராவது கேட்டால், நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: இடது கையில் என்ன வாசிப்பீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. நாம் வாசிக்க வாசிக்கப் பக்கவாத்தியத்தைத் தானே வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டு என்பதே இடது கையை நம்பிச் செய்யப்பட்ட கருவி. ஆனால் அதைப் பற்றிய பேச்செல்லாம் வலது கை வாசிக்கும் டோன்களின், அதாவது பியானோ, புல்லாங்குழல் போன்ற வாத்தியக் குரல்களின், எண்ணிக்கையையே சுற்றிச் சுற்றி வருகிறது. எண்ணிக்கையை ஒப்பிடுவது சுலபம், அதனால்தான்.

பெயர்க் குழப்பம் வேறு. கறுப்பு வெள்ளைக் கட்டைகள் இருந்துவிட்டால் ஒருவர் அதை ஆர்கன் என்பார், ஒருவர் சின்தசைசர் என்பார், இன்னொருவர் எந்தக் கம்பெனி செய்ததானாலும் கேசியோ என்பார். முதலில் இதைப் பிரித்துக்கொள்வோம்.

## முகம் ஒன்று, வேலை வேறு

டிஜிட்டல் பியானோவின் வேலை பியானோ மாதிரி ஒலிப்பது, பியானோ மாதிரி விரலுக்குக் கனமாக இருப்பது. சின்தசைசர், ஒலியை நீங்களே செதுக்கி உருவாக்கிக்கொள்ளும் கருவி. மிடி கன்ட்ரோலருக்குச் சொந்தக் குரலே கிடையாது. எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்ற செய்தியைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. மிடி என்பது இந்தச் செய்திகளுக்கான பொது மொழி. 1983 முதல் வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் இதில்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன.

அரேஞ்சர் இவற்றில் எதுவும் இல்லை. கச்சேரியில் பாடகர் எங்கே போகிறாரோ அங்கே பக்கவாத்தியக்காரர்கள் கூடவே போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் முகத்தைப் பார்த்தே அடுத்து என்ன வரும் என்று பிடித்துக்கொள்வார்கள். அரேஞ்சர் கீபோர்டுக்குள்ளும் அப்படி ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது: டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஸ்ட்ரிங்ஸ். அந்தக் குழு பார்ப்பது முகத்தை அல்ல, உங்கள் இடது கையை.

பியானோ கற்கப் போகும் குழந்தைக்கு அரேஞ்சர் வாங்குவதும், தனியாளாக மேடையில் பாடி வாசிக்கப் போகிறவர் டிஜிட்டல் பியானோ வாங்குவதும் தினமும் நடக்கிற தவறுகள். எந்த மாடல் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

## ரிதம் வேறு, ஸ்டைல் வேறு

1959-இல் வுர்லிட்சர் கம்பெனி சைட் மேன் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. ஆர்கன் வாசிப்பவருக்குத் துணையாக அது டிரம்ஸ் தாளம் போடும். நீங்கள் எந்தச் சுரத்தில் இருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இதுதான் ரிதம்: வெறும் தாளம்.

ஸ்டைல் என்பது தாளத்தோடு பேஸ், கிட்டார், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் சேர்ந்த ஒரு முழுப் பக்கவாத்திய ஏற்பாடு. ஒரு ஸ்டைலுக்குள் பல துண்டுகள் இருக்கும். தொடக்கத்துக்கு இன்ட்ரோ. பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு கொஞ்சம் அடர்த்தியாக இன்னொன்று என்று மெயின் துண்டுகள் இரண்டோ நாலோ. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது டிரம்ஸ் உருட்டுவதற்கு ஃபில். முடித்து வைக்க எண்டிங்.

200 ஸ்டைல் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், ஒவ்வொன்றிலும் எத்தனை மெயின் துண்டு என்று பாருங்கள். இரண்டு மட்டுமே உள்ள 200 ஸ்டைலைவிட நாலு உள்ள 100 ஸ்டைல் வாசிக்கும்போது பெரிது. ஐந்து நிமிடப் பாட்டை இரண்டே துண்டுகளை மாற்றி மாற்றி ஓட்டினால் கேட்பவருக்கு மூன்றாவது நிமிடத்தில் கொட்டாவி வரும். இன்னொன்று: நாலெண்ணிக்கையில் போகும் 4/4 ஸ்டைலை மூன்றெண்ணிக்கை 3/4 ஆக்கிக்கொள்ள முடியாது. மூன்றெண்ணிக்கையிலும் 6/8-இலும் போகும் பாட்டுகள்தான் நீங்கள் அதிகம் வாசிப்பவை என்றால், அந்தக் கணக்கில் எத்தனை ஸ்டைல் இருக்கிறது என்று மட்டும் எண்ணினால் போதும். 200 என்பது சில சமயம் பன்னிரண்டாகச் சுருங்கிவிடும்.

## கார்டு: இடது கையின் சொல்

சேர்ந்து ஒலிக்கும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களின் கூட்டம் கார்டு. (பாக்கெட்டில் இருக்கும் கார்டோடு இதற்குச் சம்பந்தமில்லை, தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவது நம் விதி.) சி, இ, ஜி மூன்றும் சேர்ந்தால் சி மேஜர். சி-யை ச என்று வைத்துக்கொண்டால் ச, க, ப. நடுவிலுள்ள இ-யை அரைச் சுரம், அதாவது இடப்பக்கம் அடுத்திருக்கும் கறுப்புக் கட்டைக்கு, கீழே இறக்கினால் சி மைனர்.

பொதுவாக இடப்பக்கத்து 18 அல்லது 19 கட்டைகளை அரேஞ்சர் தனியாகப் பிரித்துக்கொள்ளும். அங்கே நீங்கள் அழுத்துவது குழுவுக்கான உத்தரவு. பிரியும் இடத்தின் பெயர் ஸ்ப்ளிட். 61 கட்டை உள்ள கீபோர்டில் 19 போனால் வலது கைக்கு மிஞ்சுவது 42, அதாவது மூன்றரை ஸ்தாயி. அது போதாது என்பவர்களுக்காகத்தான் 76 கட்டை மாடல்கள் இருக்கின்றன.

உத்தரவைக் கீபோர்டு எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதில்தான் முதல் பெரிய வித்தியாசம். புதியவர்களுக்காக ஒற்றை விரல் முறை இருக்கும்: ஒரு கட்டையை அழுத்தினால் அதன் மேஜர் கார்டு என்று எடுத்துக்கொள்ளும். மைனருக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு குறுக்குவழி. யமஹாவில் அந்தக் கட்டையோடு அதற்கு இடப்பக்கம் அருகிலிருக்கும் கறுப்புக் கட்டையைச் சேர்க்க வேண்டும். கேசியோவில் வலப்பக்கம் இன்னொரு கட்டையைச் சேர்க்க வேண்டும். குறுக்குவழியிலேயே பழகியவர் கம்பெனி மாறினால் முதல் மாதம் தடுமாறுவது இதனால்தான். முழுக் கார்டையும் விரல் வைத்துப் பழகியவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

முழுக் கார்டு வாசித்தாலும் ஒரு புதிர் உண்டு. ஏ, சி, இ, ஜி நாலையும் சேர்த்து அழுத்துங்கள். அது ஏ மைனர் செவன்த். அதே நாலு கட்டைகளுக்கு சி சிக்ஸ்த் என்றும் பெயர் உண்டு. எது என்று கீபோர்டு எப்படி முடிவு செய்யும்? உங்கள் மனசில் இருப்பதை அது அறியாது. சில முறைகளில் வழக்கமான பெயர் ஒன்றை எடுத்துக்கொள்ளும். வேறு சில முறைகளில், நீங்கள் அழுத்தியதில் மிகக் கீழே இருக்கும் கட்டை எதுவோ அதை பேஸ் கிட்டாருக்குக் கொடுத்துவிடும். இந்த இரண்டாவதை "ஆன் பேஸ்" என்பார்கள். சி கார்டையே இ-யைக் கீழே வைத்து வாசித்தால் பேஸும் இ-யில் இறங்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இது இல்லாத கீபோர்டு முழு எரிச்சல். மெலடிப் பாட்டுகளில் பேஸ் படிப்படியாக இறங்கும் இடங்கள் நிறைய, அத்தனையும் தட்டையாகிவிடும்.

இதுவரை வந்ததை ஒரு மூச்சில் சொன்னால்: ஸ்டைல் என்பது குழு வாசிக்கும் ஏற்பாடு, கார்டு என்பது நீங்கள் குழுவுக்குச் சொல்லும் சொல், அந்தச் சொல்லைப் புரிந்துகொள்வதில் கீபோர்டுக்குக் கீபோர்டு வித்தியாசம் உண்டு. புரிந்துகொண்ட பிறகு குழு என்ன செய்கிறது என்பது இனி.

## தையல்காரர் வேலை

ஸ்டைலை உருவாக்குபவர் அதை எல்லாக் கார்டிலும் தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்வதில்லை. பொதுவாக ஒரே ஒரு கார்டில், பெரும்பாலும் சி-யில், வாசித்து வைக்கிறார். நீங்கள் எஃப் அழுத்தினால் கீபோர்டு அந்த இடத்திலேயே அதை எஃப்-க்கு மாற்றித் தைக்கிறது.

ஒரு அளவுச் சட்டையை வைத்து இன்னொருவருக்குத் தைப்பது போலத்தான். எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூட்டிவிட்டால் தோள் வழிந்து தொங்கும். தேர்ந்த தையல்காரர் மார்பைக் கூட்டுவார், தோளைத் தொடமாட்டார்.

கீபோர்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஸ்ட்ரிங்ஸ் சி, இ, ஜி பிடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் எஃப் கார்டுக்குப் போகிறீர்கள். மூன்று சுரத்தையும் ஐந்து அரைச் சுரம் மேலே தூக்கினால் எஃப், ஏ, சி. தப்பில்லை, ஆனால் வயலின்காரர்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்து நின்றது போலக் கேட்கும். நல்ல ஏற்பாட்டில் சி அப்படியே நிற்கும், இ பக்கத்து எஃப்-க்கு நகரும், ஜி பக்கத்து ஏ-க்கு நகரும். வருவது அதே எஃப் கார்டுதான். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை, லேசாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். உண்மையான வாத்தியக்காரர்கள் இப்படித்தான் வாசிப்பார்கள்.

பேஸுக்கு இந்த விதி பொருந்தாது. அது கார்டுக்குப் பெயர் தரும் மூலச் சுரத்தோடுதான் போக வேண்டும். ஆனால் சி-யிலிருந்து பி-க்குப் போகும்போது பதினோரு அரைச் சுரம் மேலே ஏறிவிட்டால் பேஸ் கிட்டார் கீச்சிடும். அதனால் ஓர் உச்ச எல்லை வைத்து, அதைத் தாண்டினால் ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவிடுவார்கள். டிரம்ஸை யாரும் தொடக்கூடாது. கார்டோடு சேர்ந்து டிரம்ஸும் மாறினால் ஸ்நேர் விழ வேண்டிய இடத்தில் சிம்பல் விழும். ஆக ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒவ்வொரு மாற்று விதி ஸ்டைலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த விதிகளை எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் விலை குறைந்த அரேஞ்சருக்கும் விலை கூடியதற்கும் நடுவே காதில் விழும் மிகப்பெரிய வித்தியாசம். பெட்டியில் அச்சிட முடியாத வித்தியாசமும் அதுதான்.

ஒருமுறை நண்பர் ஒருவருக்காக இரண்டு கீபோர்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரே ஹெட்ஃபோனில் மாற்றி மாற்றிக் கேட்டேன். இரண்டிலும் மெதுவான 4/4 ஸ்டைல். சி-யில் இரண்டு எண்ணிக்கை, பிறகு சரியாக மூன்றாவது எண்ணிக்கையில் ஏ மைனர். முதல் கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் அந்த நொடியில் அறுந்துபோய், அடுத்த தாள வட்டத்தின் முதல் எண்ணிக்கையில்தான் மறுபடி வந்தது. நடுவில் டிரம்ஸும் பேஸும் மட்டும், பல்லுப் போன சிரிப்பு மாதிரி. இரண்டாவதில் ஸ்ட்ரிங்ஸ் நிற்காமல் ஏ மைனருக்குள் வழுக்கிக்கொண்டு போனது. டோன் பட்டியலில் முதலாவதுதான் பெரியது. நண்பர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

கார்டு நடுவழியில் மாறும்போது, ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் சுரத்தை என்ன செய்வது என்பதற்கும் ஸ்டைலில் விதி இருக்கிறது: நிறுத்திவிடலாம், புதிய சுரத்துக்கு வழுக்கிப் போகலாம், புதிதாக மீட்டலாம். எனவே டெமோ பாட்டை நம்பாதீர்கள். டெமோவில் எல்லாமே முன்கூட்டி வாசித்துப் பதிந்தது. அதில் இந்தச் சோதனை நடக்கவே நடக்காது.

## டோன் எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது

சரி, அந்த 600, 800-க்கு வருவோம். 1991-இல் ஜெனரல் மிடி என்ற பொது ஏற்பாடு வந்தது. எந்தக் கம்பெனிக் கருவியில் வாசித்தாலும் பியானோ எண்ணில் பியானோவே வர வேண்டும் என்பதற்காக 128 டோன்களுக்கு வரிசை எண் கொடுத்தார்கள். இன்றும் பல கீபோர்டுகளின் கணக்கில் இந்த 128-ம் அதன் சின்னச் சின்ன மாறுதல்களும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. அவற்றில் ஹெலிகாப்டர் சத்தமும் கைதட்டலும் துப்பாக்கிச் சத்தமும் உண்டு. வேடிக்கைக்கு நல்லது, கச்சேரிக்கு உதவாது.

உண்மையில் நீங்கள் வாசிக்கப் போவது பத்துப் பன்னிரண்டு டோன்கள். அவற்றை மட்டும் எடுத்து, ஒரே கட்டையை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று விதமாக அழுத்திக் கேளுங்கள். நல்ல டோனில் சத்தம் கூடுவதோடு குணமும் மாறும்: மெதுவாக வாசித்தால் புல்லாங்குழலில் காற்று கேட்கும், ஓங்கினால் விளிம்பு கூர்மையாகும். வெவ்வேறு அழுத்தத்துக்கு வெவ்வேறு ஒலிப்பதிவை வைத்திருப்பதால் வருவது இது. பிறகு ஒரு சுரத்தை விடாமல் பத்து வினாடி பிடியுங்கள். சின்ன ஒலித்துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி நீட்டியிருந்தால், ஊஞ்சல் போல ஓர் அசைவு ஒரே கணக்கில் வந்துகொண்டே இருக்கும். கமகம் வாசிக்க நினைப்பவர் பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அதில்லாமல் சுரத்தை வளைக்க வழியில்லை, கட்டையிலிருந்து கட்டைக்குத் தாவத்தான் முடியும்.

## பாலிஃபனி: எத்தனை பேர் ஒரே நேரத்தில் பாடலாம்

பாலிஃபனி என்பது கீபோர்டு ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் உச்ச எண்ணிக்கை. 32, 48, 64, 128 என்று போகும். "எனக்குப் பத்து விரல்தானே, 48 எதற்கு?" என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டிரம்ஸ் ஒரு நேரத்தில் நாலு. பேஸ் ஒன்று. கிட்டார் மீட்டினால் ஆறு தந்தி. ஸ்ட்ரிங்ஸ் நாலு, பின்னணியில் இன்னொரு வாத்தியம் மூன்று. பதினெட்டு ஆகிவிட்டது, நீங்கள் இன்னும் வலது கையை வைக்கவே இல்லை. பியானோவையும் ஸ்ட்ரிங்ஸையும் அடுக்கி நாலு கட்டை அழுத்தினால் எட்டு. சஸ்டெய்ன் பெடலை, அதாவது கையை எடுத்த பிறகும் சுரத்தை ஒலிக்க வைக்கும் மிதியை, அழுத்தியபடி இப்படி மூன்று கார்டு வாசித்தால் இருபத்து நாலு. மொத்தம் 42. ஸ்டீரியோ டோன்களில் ஒரு சுரத்துக்கே இரண்டு இடம் போவதும் உண்டு. எல்லை தாண்டினால் புதிதாக வருபவருக்கு இடம்விட்டு பழைய சுரம் ஒன்று சத்தமில்லாமல் வெளியேறும். பாட்டு நின்றுவிடாது, மெலிந்துவிடும். ஏன் மெலிந்தது என்று புரியாது.

வீட்டில் பழக 48 தாராளம். டோன்களை அடுக்கி, பெடலோடு வாசிப்பவருக்கு 64-க்குக் கீழே போக வேண்டாம் என்பேன்.

## பின்புறத்தையும் பாருங்கள்

கடைசியாகப் பார்க்கிற இடம் என்பதால் பலர் பார்ப்பதே இல்லை. நானும் பார்க்கவில்லை. என் முதல் கீபோர்டில் ஸ்பீக்கருக்கு அனுப்பும் லைன் அவுட் துளை கிடையாது, ஹெட்ஃபோன் துளை மட்டும். மேடையில் கிடைத்த மோனோ ஒயரை அதில் செருகினேன். இடது பக்க ஒலி மட்டுமே போனது. ஸ்டைலில் வலது பக்கம் வைத்திருந்த கிட்டார் காணாமல் போய்விட்டது. முழுப் பாட்டும் நொண்டியது, எனக்குக் காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது.

யூஎஸ்பி துளையிலும் ஒரு சூட்சுமம். பென் டிரைவ் செருகும் துளை ஒன்று, கம்ப்யூட்டரோடு இணைக்கும் துளை இன்னொன்று. முதலாவது இருந்தால் புதிய ஸ்டைல்களை நேராக ஏற்றிக்கொள்வது எளிது. இரண்டாவதில் சில மாடல்கள் மிடி செய்தியை மட்டும் அனுப்பும், சில ஒலியையும் சேர்த்து அனுப்பும். பதிவு செய்ய ஆசை இருந்தால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனியின் ஸ்டைலை இன்னொரு கம்பெனிக் கீபோர்டில் ஏற்றலாம் என்று சொல்லக் கேட்பீர்கள். மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் அந்த ஸ்டைல் எந்தக் கிட்டார் டோனை நினைத்து எழுதப்பட்டதோ அந்த டோன் இங்கே இருக்காது. தாளம் வரும், ருசி வராது.

மேடைக்குப் போகிறவர் ரெஜிஸ்ட்ரேஷனைத் தவறவிடக் கூடாது. ஒரு பாட்டுக்கான ஸ்டைல், வேகம், டோன், ட்ரான்ஸ்போஸ் எல்லாவற்றையும் ஒரே பட்டனில் சேமித்து வைக்கும் வசதி அது. ட்ரான்ஸ்போஸ் என்பது நீங்கள் அதே கட்டைகளை வாசிக்க, ஒலியை மட்டும் பாடகரின் சுருதிக்கு ஏற்றி இறக்குவது. ஒப்பிடும்போது இப்படிச் செய்து பாருங்கள்: ஸ்டைல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்ரான்ஸ்போஸை இரண்டு படி ஏற்ற எத்தனை பட்டன் அழுத்த வேண்டியிருக்கிறது? ஒன்றோ இரண்டோ என்றால் சரி. மெனுவுக்குள் போய், பக்கம் புரட்டி, மறுபடி வெளியே வர வேண்டும் என்றால், பாடகர் மேடையில் திரும்பிப் பார்க்கும் பார்வையை இப்போதே கற்பனை செய்துகொள்ளலாம். அதோடு, ஒரு சுரத்தைப் பிடித்தபடியே டோனை மாற்றுங்கள். பிடித்த சுரம் அறுகிறதா, தொடர்கிறதா?

கூடவே வரும் பாடப்பகுதி, கட்டைகளில் எரியும் விளக்கு, உள்ளே பதிந்த பாட்டுகள் எல்லாம் முதல் மூன்று மாதத்துக்கு. அவற்றை வைத்து மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உள் ஸ்பீக்கரை வைத்தும் டோனை எடைபோட வேண்டாம். பெரிய ஸ்பீக்கர் வைத்த சுமாரான கீபோர்டு, சின்ன ஸ்பீக்கர் வைத்த நல்ல கீபோர்டை எப்போதும் ஜெயித்துவிடும். இரண்டையும் ஒரே ஹெட்ஃபோனில் கேளுங்கள், ரிவர்பை அணைத்துவிட்டு. ரிவர்ப் என்பது பெரிய கூடத்தில் வாசிப்பது போன்ற எதிரொலி. அது மோசமான டோனுக்குப் பூசும் பவுடர்.

## பழைய கீபோர்டு வாங்குவதானால்

ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் பெரும்பாலும் இரண்டு ரப்பர் தொடுபுள்ளிகள் இருக்கும். கட்டை இறங்கும்போது முதலாவது தொடும், ஒரு கணம் கழித்து இரண்டாவது தொடும். அந்த இடைவெளியை அளந்துதான் நீங்கள் ஓங்கி அழுத்தினீர்களா, மெதுவாகவா என்று கீபோர்டு தெரிந்துகொள்கிறது. மிடி கணக்கில் 1 முதல் 127 வரை. தூசி படிந்தோ ரப்பர் தேய்ந்தோ ஒரு புள்ளி சரியாகத் தொடாவிட்டால் அளவு தப்பிப்போகும். அந்தக் கட்டை ஊமையாகும், இல்லையென்றால் மெதுவாகத் தொட்டாலும் கத்தும்.

எனவே பியானோ டோனை வைத்து, இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை ஒவ்வொரு கட்டையையும் மிக மெதுவாக, ஒரே மாதிரி அழுத்திக்கொண்டே போங்கள். நாலைந்து கட்டை மட்டும் கத்தினால் பெரும்பாலும் திறந்து துடைத்தால் சரியாகிவிடும். எல்லாக் கட்டையும் அழுத்தத்தைக் கண்டுகொள்ளாமல் ஒரே சத்தத்தில் பேசினால், பழுது என்று விலையைக் குறைக்கக் கேட்பதற்கு முன் டச் என்ற அமைப்பு அணைந்திருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள். பெடல் தலைகீழாக வேலை செய்தாலும் அப்படித்தான்: பெடலை மிதிக்காமல் கீபோர்டை அணைத்து மறுபடி போடுங்கள், பல மாடல்கள் அந்த நொடியில்தான் பெடலின் திசையைத் தெரிந்துகொள்கின்றன.